உதவி பெறுவோர் பட்டியல்

ஜெயபாலன் கையில் மைக் கிடைத்துவிட்டால் அம்மனே எழுந்து வந்து சாடை காட்டினாலும் நிறுத்த மாட்டார். நகராண்மைக் கழகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே அவர் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஓய்வு பெற்று, பெக்கான் நானாஸ் ஊர் மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர் ஆன பிறகு அந்தக் குறையை ஊர்மேல் தீர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் உபயக்காரர்களின் பெயர்களை வாசிப்பது கோயில் வழக்கம். பொங்கல் உபயம் இன்னார், மாலை உபயம் இன்னார், புது மின்விசிறி இன்னார் குடும்பத்தார். சட்டைப் பையில் எந்தத் தாள் இருந்தாலும் எடுத்து வாசித்துவிடுவார். ஒரு முறை கோயிலுக்கு வந்த தண்ணீர் பில்லைப் பாதி வரைக்கும் வாசித்தார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஒரு தாளை எடுத்தார்.

செல்வராணி அப்போது மடப்பள்ளி வாசலில் சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பொங்கல் அவள் கைப்பக்குவம்தான். எதிரே கிண்ணங்களை நீட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கி ஒன்று கோயிலைப் பார்த்தும் இன்னொன்று வீடுகள் நிறைந்த தாமானைப் பார்த்தும் இருந்தது.

"அடுத்து, நமது ஆலயச் சமூகநலப் பிரிவின் வழி உதவி பெறுவோர். சிறுநீர்க் கசிவுப் பிரச்சினைக்கான இலவச டயப்பர், மற்றும் சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பு. திருமதி செல்வராணி முனியாண்டி..."

முதல் பெயரே அவளுடையது. பிறகு இன்னும் ஏழு பெயர்கள். ஒவ்வொன்றையும் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல நிறுத்தி, அழுத்தி, தகப்பன் பெயர் புருஷன் பெயரோடு வாசித்தார். "அனைவருக்கும் அம்பாளின் அருள் பரிபூரணமாகக் கிட்டட்டும்" என்று முடித்தார். யாரோ பழக்கத்தில் மணியையும் அடித்துவிட்டார்கள்.

வரிசையில் முதலில் நின்ற பெண் கிண்ணத்தை நீட்டுவதா, இழுத்துக்கொள்வதா என்று தெரியாமல் விழித்தாள். பின்னால் யாரோ "பாவம்" என்றார்கள். செல்வராணிக்கு அந்தப் பாவம்தான் பொறுக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள். கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தச் சங்கடம் அவளுக்கு ஆறு வருஷமாக உண்டு. மூன்று பிள்ளைகள் பெற்ற உடம்பு. அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கூடை தூக்கிய உடம்பு. ஐம்பது வயதுக்குப் பிறகு தும்மினால், இருமினால், சிரித்தால் கொஞ்சம் கசிந்தது. பிறகு கொஞ்சம் என்பது நிறைய ஆனது. கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறத்தில் உடுப்பதை விட்டாள். கல்யாண வீடுகளில் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலி எது என்று பார்த்து உட்கார்ந்தாள். மகள் ஷர்மினி சிங்கப்பூரில் குடித்தனம் வைத்து மூன்று வருஷம் ஆகியும் ஒரு முறைகூடப் போகவில்லை. எல்லைப் பாலத்து ஜாமில் பஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால் அவள் கதி என்ன? மகளிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமை.

தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று தண்ணீரையே குறைத்தாள். அது நீர்க்கடுப்பிலும் காய்ச்சலிலும் கொண்டுபோய் விட்டது. அப்படித்தான் கிளினிக்கில் ஊரார் 'மிஸி' என்று கூப்பிடுகிற ஷாமளா என்ற நர்ஸிடம் மாட்டினாள். மாட்டினாள் என்றுதான் அப்போது நினைத்தாள். முப்பத்திரண்டு வயதுப் பெண் முகத்தைப் பார்த்து, "ஆண்டி, இருமுனா யூரின் கசியுதா?" என்று கேட்டபோது செல்வராணிக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆறு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான் என்பதும் அன்றைக்கு இரவே உறைத்தது.

ஷாமளா தன் விடுமுறை நாளில், கோயில் மண்டபத்துப் பின் அறையில் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். கிளினிக்குக்குப் போக வெட்கப்படுகிறவர்கள் கோயிலுக்கு வருவார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. எட்டுப் பேர் சேர்ந்தார்கள். எட்டுப் பேரும் வீட்டில் மாலை கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். பொய் ஆகிவிடக் கூடாது என்று பூவும் நாரும் எடுத்து வந்து உண்மையிலேயே கட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கை பூவைக் கட்ட, உள்ளே தசையை இறுக்கிப் பத்து எண்ணி விட்டார்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தோம், எத்தனை மணிக்குப் போனோம், எப்போது கசிந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நோட்டில் எழுதினார்கள். காப்பியைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டினார்கள். கனமானதைத் தூக்குவதற்கு முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூக்கப் பழகினார்கள்.

நான்காவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செல்வராணி பொங்கல் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கினாள். எப்போதும் அந்த நேரத்தில் நனைந்துவிடும். அன்றைக்கு நனையவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். மடப்பள்ளிச் சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் மைக்.

விஷயம் இவ்வளவுதான். எட்டுப் பேரில் நான்கு பேருக்கு டயப்பர் வாங்க முடியவில்லை. ஷாமளா கோயில் சமூகநலப் பிரிவில் உதவி கேட்டாள். கமிட்டி கோப்புக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றார் ஜெயபாலன். அவள் வகுப்பில் இருந்த எட்டுப் பேரையும் எழுதி, உறையில் போட்டு, "அங்கிள், இது யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். உறைக்குள் இருந்த தாளும் உபயப் பட்டியலும் ஒரே சட்டைப் பையில் சேர்ந்துவிட்டன.

மறுநாள் ஷாமளா கோயில் அலுவலகத்தில் போய் நின்றாள். செல்வராணியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தாள். ஜெயபாலனுக்குத் தான் செய்தது என்னவென்று விளங்கவே இல்லை.

"நல்ல காரியம்தானே மிஸி? மைக்ல பேரு வந்தா எல்லாரும் சந்தோஷப்படுவாங்கலா. போன வாரம் ஒருத்தர் பேரை விட்டுட்டேன்னு சண்டைக்கே வந்துட்டாரு."

"அங்கிள், அது உபயம். இது நோய். இவங்க பேரை நீங்க தாமானுக்கே சொல்லிட்டீங்க."

"நோய்னா வெட்கப்பட என்னா இருக்கு? எனக்குச் சர்க்கரை இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

"அண்ணே, உங்க சர்க்கரை சேலையில நனையாது" என்றாள் செல்வராணி.

அவர் முகம் சுருங்கியது. பிறகு முகம் தெளிந்து, "தப்புத்தான். ஒண்ணு செய்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை மைக்லயே மன்னிப்புக் கேட்டுர்றேன். எட்டுப் பேரு பேரையும் சொல்லி, தனித்தனியா" என்றார்.

ஷாமளா நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "அலமாக்" என்றாள்.  இந்த மனிதரிடம் கோபப்படுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று செல்வராணி வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அங்கம்மா வீட்டுக்கு வந்தாள். மடப்பள்ளியில் செல்வராணிக்குத் துணையாக வெல்லம் தட்டிக் கொடுக்கிற அறுபது வயதுக்காரி. கோயில் மகளிர் பகுதிக்கு அவள்தான் தலைவி. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தாள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள்தான் வாழைப்பழம் வாங்கி வருவார்கள்.

"கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு செல்வி" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இப்பல்லாம் சரியாயிருச்சு. மிஸியைக் கேட்டுப் பாருங்க."

"நான் நம்புறேன். ஆனா சாமிக்கு நெய்வேத்தியம் பண்ற இடம் பாரு. சுத்தபத்தமா இருக்கணும்னு கமிட்டியில பேசி முடிவு எடுத்துட்டாங்க. நான் ஒருத்தி சொல்லி என்னா ஆவப் போவுது?"

"யாரு முடிவு எடுத்தா?"

"கமிட்டிதான்."

செல்வராணி வாழைப்பழத்தைத் தொடவே இல்லை. ஐந்து நாளில் அது கறுத்துப் போனது. குப்பையில் போடும்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளும் ஒலிபெருக்கியின் சத்தம் வீடுவரைக்கும் வந்தது. பூசை மணி, உபயப் பட்டியல், பொங்கல் வரிசைக்கு வரச் சொல்லும் அறிவிப்பு. நல்ல வேளையாக மன்னிப்பு மட்டும் வரவில்லை. அவள் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நனைந்துகொண்டே ஐந்து வருஷம் சமைத்தேன், அப்போது சாமி ஒன்றும் சொல்லவில்லை, காய்ந்த பிறகு தீட்டு என்கிறார்கள் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. இன்னொன்றும் நடந்தது. ஆத்திரத்தில் பயிற்சியை விட்டாள், தண்ணீரையும் விட்டாள். மூன்றாவது வாரம் தும்மியபோது பழையபடி கசிந்தது. அன்றைக்குத்தான் அழுதாள். மறுநாள் காலையிலிருந்து மறுபடி நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ஊர்மேல் உள்ள கோபத்துக்கு உடம்பு என்ன செய்யும்?

ஷாமளா வந்தாள். வாசலில் நிறுத்தினால் அக்கம்பக்கம் கண் வைக்கும் என்று காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

"ஆண்டி, சனிக்கிழமை வகுப்புக்கு வாங்க."

"எட்டுப் பேர்ல எத்தன பேரு வர்றாங்க?"

"பழைய ஆளுங்க ரெண்டு பேருதான். ஆனா புதுசா பதினஞ்சு பேரு."

செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"மைக்ல கேட்டுத்தான் வந்தாங்களாம். இதுக்கு ஒரு பேரு இருக்குது, சொல்லிக் கொடுக்க ஆளு இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரியுமாம். ஜெயபாலன் அங்கிள் வேற, 'பாத்தீங்களா மிஸி, மைக்கோட மகிமை'ங்கிறாரு. எனக்கு அவரை என்னா செய்றதுன்னே தெரியல." ஷாமளாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான் ஆண்டி. இதுல யாருக்காவது நல்லா ஆயிருக்குதான்னு. உங்களைத்தானே நான் காட்டணும்."

போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தப் பதினைந்து பேர் யார் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது.

போய்ப் பார்த்தாள். கதவு சாத்திய பின் அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். அன்றைக்கு வரிசையில் முதலில் நின்று கிண்ணத்தோடு விழித்த பெண் இருந்தாள். "பாவம்" என்ற குரலும் அங்கேதான் இருந்தது. சுவரோரம், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அங்கம்மா.

வகுப்பு முடிந்து எல்லாரும் ஒவ்வொருவராகக் கலைந்த பிறகு செல்வராணி அவள் முன்னால் போய் நின்றாள்.

"எத்தன வருசமாக்கா?"

"நாலு இருக்கும்" என்றாள் அங்கம்மா, தரையைப் பார்த்து. "முன்ன இவ்ளோ இல்ல செல்வி. நீ போனதுலருந்து அந்த அண்டாவ நான்தானே இறக்குறேன். இறக்குற போதெல்லாம் ஆயிருது. நீ எப்படித்தான் தூக்குனியோ."

"அப்ப நீங்களும் கிச்சன விட்டு வெளிய வந்திருக்கணும்ல?"

அங்கம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உள்ளதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"என் பேரு மைக்ல வரலையே."

செல்வராணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்தன. எல்லாம் நல்ல பதில்கள். ஒன்றும் நேரத்துக்கு வரவில்லை. இவ்வளவு பேரும் அடியில் துணியை மடித்து வைத்துக்கொண்டு நின்றபடிதான் அன்றைக்குத் தன்னைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க அதுதான் அவளைத் தின்றது.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து குளித்து, வீட்டு அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். கோயிலில் வைக்கிற அதே பதம். நெய்யில் முந்திரியை வறுத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, சூடு ஆறாமல் துணி சுற்றிக் கோயிலுக்கு எடுத்துப் போனாள். பாயின் நடுவில் பானையை வைத்துவிட்டு, பின் அறைக் கதவை விரியத் திறந்தாள். வெளியே மண்டபத்தில் யார் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கோ நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸி, மொதல்ல எல்லாரும் சாப்பிடட்டும். அப்புறம் வகுப்பு" என்றாள்.

பதினேழு பேரும் பானையைப் பார்த்தார்கள். கதவைப் பார்த்தார்கள். கை நீளவில்லை.

"கதவைச் சாத்தலாமே அக்கா" என்றாள் ஒருத்தி.

"பொங்கல் சாப்பிடுறதுக்குக் கதவை எதுக்குச் சாத்தணும்?"

 அங்கம்மா எழுந்து கதவண்டை போனாள். செல்வராணி பானையோடு முந்திக்கொண்டு போய் வாசற்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை மிதித்தால்தான் கதவைச் சாத்த முடியும்.

"எந்திரி செல்வி. வெளிய ஆம்பளைங்க இருக்காங்க."

"நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. எந்திரிக்கிறேன்."

"உனக்கு என்னா வந்துச்சு?"

"எனக்கு வந்ததுதான்கா உங்களுக்கும் வந்திருக்குது."

அதற்குள் நெய் வாசனை மண்டபத்துக்குப் போய், ஜெயபாலனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் அவசர அவசரமாகப் பூவை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவர் வாசலுக்கு வெளியே நின்று கையை நீட்டினார். செல்வராணி ஒரு கரண்டி வைத்தாள். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது உன் கைதான் செல்வராணி. ஒரு மாசமா பொங்கல்ல உப்பு இருக்குதா, இனிப்பு இருக்குதான்னே தெரியல. நீ ஏன்லா கிச்சனுக்கு வர்றதில்ல? நான் செஞ்ச தப்புக்குச் சாமி மேல கோவிச்சுக்கலாமா?"

"நான் எங்கண்ணே கோவிச்சேன்? கமிட்டிதானே வர வேணாம்னு முடிவு எடுத்துச்சு."

"எந்தக் கமிட்டி?" என்றார் ஜெயபாலன். "ரெண்டு மாசமா ஆளு பத்தாம கோரம் சேராம கூட்டமே நடக்கல. முடிவு எழுதுறவன் நான். எனக்குத் தெரியாம என்னா முடிவு? யாரு சொன்னா உனக்கு?"

 செல்வராணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. பின்னால் நின்றிருந்த அங்கம்மாவின் சேலை நுனி அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெயர் சொன்னால் போதும். எதிரே நிற்பவர் பெக்கான் நானாஸிலேயே ரகசியம் தங்காத மனுஷன். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கப் போய்விடும். கணக்கு நேராகிவிடும். சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. அது பொய்யில்லை.

"யாரோ சொன்னாங்க, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். "நீங்க போய் நாற்காலியப் பாருங்கண்ணே. இது பொம்பளைங்க வகுப்பு."

அவர் விரலை நக்கிக்கொண்டே போனார். அங்கம்மா அப்படியே கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

"ஏன் செல்வி சொல்லல?"

"உங்க மேல இருக்கிற பாசத்துல இல்லக்கா" என்றாள் செல்வராணி. "எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. சீக்கிரம் அடங்கும்னும் தோணல. ஆனா அன்னைக்கு கரண்டியோட நின்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதை இன்னொருத்திக்குச் செய்ய எனக்கு வரல."

கதவு திறந்தே இருந்தது. மண்டபத்தில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. அங்கம்மா வெளியே ஒரு முறை பார்த்தாள், பிறகு பானையை இழுத்துக் கையாலேயே எடுத்து வாயில் போட்டாள். அழுதுகொண்டே மென்றாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் கை நீட்டினார்கள். மற்றவர்கள் நீட்டவில்லை. செல்வராணி அவர்களை எண்ணவும் செய்தாள், நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்துருவியா?" என்று கேட்டாள் அங்கம்மா.

"வருவேன்."

"அப்ப நான் வேணாம்ல?"

"வெல்லம் யாரு தட்டுறது? வாங்க. ஆனா அண்டாவத் தொடாதீங்க, நான் இறக்கிக்கிறேன்" என்றாள் செல்வராணி. "உங்களுக்கு இன்னும் மூணு மாசம் ஆவும்க்கா."